நொதிக்கு பெக் கட்டி டொலுயீனில் வேலை வாங்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் மல்லிகையிலிருந்து கான்கிரீட் (மணம் செறிந்த மெழுகு போன்ற சாறு) எடுப்பவர்கள் பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்துத்தான் மணத்தை இழுக்கிறார்கள். அதனால் இந்தப் பக்கத்து வேதியியல் மாணவர்களுக்கு ஹெக்சேன் ஒன்றும் புதிதில்லை. ஆனால் அந்த மாதிரிக் கரைப்பானிலேயே நொதியைப் போட்டு, மல்லிகை மணத்தின் முக்கியக் கூறுகளில் ஒன்றான பென்சைல் அசிட்டேட்டைச் செய்யலாம் என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "நொதி தண்ணீரில்தானே வேலை செய்யும்?"

செய்யும். ஆனால் தண்ணீரில் மட்டும்தான் என்பது இல்லை. 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜாக்ஸும் கிளிபனோவும் பன்றிக் கணையத்து லைபேஸை (கொழுப்பை உடைக்கும் நொதி) உலர்ந்த கரிமக் கலவையில் 100 டிகிரி செல்சியஸில் வைத்துக் காட்டினார்கள். தண்ணீரில் அந்த வெப்பத்தில் நொதி உடனே செத்துவிடும். உலர்ந்த கலவையிலோ பாதிச் செயல்திறனை இழக்கவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புரதம் விரிந்து குலைய நீர் வேண்டும், அமைடு பிணைப்பு அறுபடவும் நீர் வேண்டும். அது இல்லையென்றால் நொதி விறைத்துப்போய் அப்படியே நிற்கிறது. அந்த விறைப்புதான் நிலைப்பைக் கூட்டுகிறது, அதுவே வேகத்தையும் குறைக்கிறது. கைமோட்ரிப்சின், சப்டிலிசின் போன்ற நொதிகளை வெறும் பொடியாகக் கரிமக் கரைப்பானில் தூவினால் வேகம் தண்ணீரில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறையக்கூடும். அதோடு பொடி கரையாது, கட்டி கட்டும், பாத்திரத்தின் சுவரில் ஒட்டும். கட்டியின் உள்ளே இருக்கும் மூலக்கூறுகளுக்கு வினைபடுபொருள் போய்ச் சேராது.

இங்கேதான் வேதி மாற்றம் வருகிறது. நொதியின் மேற்பரப்பில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலங்களின் அமீன் முனைகளில் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைக் கட்டிவிட்டால், மூலக்கூறு முழுக்க ஒரு மயிர்ப் போர்வை போர்த்திக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பெக், தண்ணீரிலும் கரையும், டொலுயீன் என்ற கரிமக் கரைப்பானிலும் கரையும். ஆகவே நொதியும் கூடவே கரைகிறது. 1977-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அபுச்சோவ்ஸ்கியும் டேவிஸும் இந்த பெக் கட்டும் வேலையைத் தொடங்கியது மருந்துக்காக, அதாவது உடம்பு புரதத்தை அந்நியமாக எண்ணி எதிர்க்காமல் இருப்பதற்காக. 1980-களின் நடுவில் ஜப்பானில் இனாடாவின் குழு அதே உத்தியைக் கேட்டலேஸ், பெராக்சிடேஸ், லைபேஸ் ஆகியவற்றில் செய்து, அவை பென்சீனில் கரைந்து வேலை செய்வதைக் காட்டியது.

இதைத் தொடங்குமுன் ஒரு பேச்சு. உங்களுக்கு வேண்டியது பென்சைல் அசிட்டேட் மாதிரி ஓர் எஸ்டர் மட்டும்தான் என்றால் பெக் கட்டவே வேண்டாம். மணிகளில் நிலைநிறுத்திய கேண்டிடா அண்டார்க்டிகா லைபேஸ் பி கடையில் கிடைக்கிறது, நோவோசைம் 435 என்ற பெயரில். அதைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம். பெக் நொதி தேவைப்படுவது, நொதி உண்மையிலேயே கரைந்த நிலையில் இருக்க வேண்டும் என்னும்போதுதான்: வேகவியலைத் துல்லியமாக அளக்க, கரையாத திண்ம வினைபடுபொருளோடு வேலை செய்ய, நிறமாலையில் நொதியையே பார்க்க, அல்லது மணிகளாகச் சந்தையில் கிடைக்காத நொதியைக் கையாள. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு இது நல்ல தலைப்புதான். ஒரே வேலையில் புரத வேதியியல், கரிம வேதியியல், பகுப்பாய்வு மூன்றும் கைக்கு வரும்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கேண்டிடா ருகோசா லைபேஸை எடுத்துக்கொள்கிறேன். விலை குறைவு, மூலக்கூறு எடை ஏறத்தாழ 60 கிலோடால்டன், அதாவது 60,000. வினை: பென்சைல் ஆல்கஹாலும் வினைல் அசிட்டேட்டும் சேர்ந்து பென்சைல் அசிட்டேட். லினலூலும் மல்லிகையில் இருக்கிறதே, அதை அசிட்டேட் ஆக்கலாமே என்று யாராவது ஆசைப்பட்டால் அந்தப் பக்கம் போக வேண்டாம். அது மூவிணைய ஆல்கஹால், பெரும்பாலான லைபேஸ்கள் அதைத் தொடவே தொடாது.

முதல் படி: நொதியைச் சுத்தம் செய்யுங்கள்

பாட்டிலில் வரும் பொடி முழுக்க நொதி இல்லை. லாக்டோஸ் மாதிரியான சேர்மங்கள் கணிசமாகக் கலந்திருக்கும். எடை போட்டுக் கணக்குப் பண்ணினால் எல்லாமே தப்பாகிவிடும். குளிர்ந்த பாஸ்பேட் பஃபரில் (பி.எச்.சை மாறாமல் வைக்கும் கரைசல்) கரைத்து, கரையாததை மையவிலக்கியில் இறக்கிவிட்டு, தெளிந்த நீர்மத்தை டயாலிசிஸ் பையில் போட்டு 4 டிகிரியில் ஓர் இரவு, இரண்டு மூன்று முறை பஃபரை மாற்றிச் செய்யுங்கள். அப்புறம் புரதத்தின் அளவை எடுத்துக் குறித்துவையுங்கள். பெக் கட்டிய பிறகு பிராட்ஃபோர்டு சாயம் புரதத்தைச் சரியாகப் பிடிக்காது, எண் குறைவாகக் காட்டும். ஆகவே நம்பத்தக்க அளவீடு இப்போது எடுப்பதுதான்.

டிரிஸ் பஃபர் இந்த வேலைக்கு ஆகாது. டிரிஸிலேயே அமினோ தொகுதி இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெக் முழுவதையும் அது தின்றுவிடும். அம்மோனியம் சல்பேட்டில் வீழ்படிவாக்கிய நொதிக்கும் இதே கதைதான், அம்மோனியா முழுக்கப் போகும்வரை டயாலிசிஸ் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஆய்வகக் குழாய்த் தண்ணீரையும் நம்ப வேண்டாம். மதுரைப் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரின் உப்பும் கடினத்தன்மையும் ஊரறிந்தது, காய்ச்சி வடித்த நீர்தான்.

இரண்டாம் படி: எந்த பெக், எவ்வளவு பெக்

ஒரு முனை மெத்தாக்ஸியாக அடைக்கப்பட்ட பெக்தான் வேண்டும், மூலக்கூறு எடை 5000. இரண்டு முனையும் திறந்திருக்கும் டயால் கலந்திருந்தால் அது இரண்டு நொதிகளை ஒன்றாகக் கட்டிவிடும், கரைசல் கூழாகி நிற்கும். வாங்கும்போதே டயால் அளவு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முனையைச் செயலூட்டப் பல வழிகள் உண்டு. பழைய வழி சயனூரிக் குளோரைடு. அதில் மூன்று குளோரின்கள். முதலாவது பனிக்கட்டிக் குளிரில் பெயரும், இரண்டாவதற்கு அறை வெப்பம் வேண்டும், மூன்றாவதற்கு நன்றாகச் சூடாக்க வேண்டும். இந்தப் படிநிலையை வைத்து ஒரே வளையத்தில் இரண்டு பெக் இழைகளைக் கட்டி, மூன்றாம் குளோரினை நொதிக்கு விடுவார்கள். இனாடா குழுவினர் பயன்படுத்தியது இந்த இரட்டை இழைதான். கரைதிறன் அருமையாக இருக்கும். ஆனால் சயனூரிக் குளோரைடு நச்சு, கண்ணை எரித்துவிடும், ஈரம் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். நல்ல ஃபியூம் ஹூட் (நச்சு ஆவியை இழுத்து வெளியேற்றும் பெட்டி) இல்லாத இடத்தில் இதைத் தொடாதீர்கள். முதன்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது, செயலூட்டிய என்.எச்.எஸ். (என்-ஹைட்ராக்சிசக்சினிமைடு) எஸ்டராகவே வாங்கிவிடுங்கள். விலை கடிக்கும். ஆனால் ஒரு சின்ன பாட்டில் ஒரு புராஜெக்டுக்குப் போதும்.

அளவுக்கு ஒரு கணக்கு. 100 மில்லிகிராம் புரதம், 60 கிலோடால்டன் என்றால் சுமார் 1.67 மைக்ரோமோல். ஒரு மூலக்கூறில் 20 அமினோ தொகுதிகள் எட்டும் இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம், மொத்தம் 33 மைக்ரோமோல் அமீன். அதற்கு இரண்டு முதல் மூன்று மடங்கு பெக் என்றால் 67 முதல் 100 மைக்ரோமோல், எடையில் சுமார் 335 முதல் 500 மில்லிகிராம். கூடுதலாகப் போடுவது என்.எச்.எஸ். எஸ்டரில் ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாவதால்தான். எல்லா லைசினையும் மூட வேண்டியதில்லை, மூடவும் கூடாது. பாதி அளவு மூடினாலே டொலுயீனில் கரைய ஆரம்பிக்கும். அதற்கு மேலே போகப் போகக் கரைதிறன் கொஞ்சம் கூடும், செயல்திறன் இறங்கிக்கொண்டே வரும்.

மூன்றாம் படி: கட்டும் வினை

என்.எச்.எஸ். பெக் மைனஸ் 20 டிகிரியில் உலர்த்தியோடு இருக்கும். வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மதுரைக் காற்றில் ஈரம் எக்கச்சக்கம். குளிர்ந்த பாட்டிலைத் திறந்த மறுகணமே உள்ளே பனி வேர்த்து, பொடி நனைந்து, எஸ்டர் உடைய ஆரம்பித்துவிடும். மூடியோடு அரை மணி நேரம் மேசையில் வைத்து, பாட்டிலின் வெளிப்புறம் வேர்ப்பது நின்ற பிறகு திறங்கள்.

நொதிக் கரைசலை 0.1 மோலார் போரேட் பஃபருக்கு மாற்றி, பி.எச். 8.5-இல் வையுங்கள். லைசினின் அமீன் பி.எச். பத்துக்கு மேலேதான் முழுதாக விடுபடும். அதற்காக அவ்வளவு மேலே போனால் நொதியும் தாங்காது, எஸ்டரும் நீராற்பகுப்பில் போய்விடும். என்.எச்.எஸ். எஸ்டரின் அரை ஆயுள் பி.எச். 7-இல் பனிக்கட்டிக் குளிரில் நாலைந்து மணி நேரம் என்றால், 8.6-இல் 4 டிகிரியிலேயே பத்து நிமிடம்தான். அதனால் பெக் பொடியை ஒரேயடியாகக் கொட்டாமல் நாலைந்து பங்காகப் பிரித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, மெதுவாகக் கலக்கிக்கொண்டே போடுங்கள். வினை நடக்க நடக்க பி.எச். இறங்கும். மின்முனையைக் கரைசலிலேயே விட்டு, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காந்தக் கலக்கி நுரை கிளப்பும் வேகத்தில் ஓடக் கூடாது. நுரையில் புரதம் குலையும்.

கடைசிப் பங்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் கிளைசின் சேர்த்து மிச்ச எஸ்டரை முடித்துவிடுங்கள்.

இனி கட்டுப்படாத பெக்கை வெளியேற்ற வேண்டும். பலரும் சாதாரண டயாலிசிஸ் பையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 5000 எடை பெக் நீரில் விரிந்து கிடக்கும், அதன் எடைக்குச் சொல்லும் அளவைவிட உண்மையில் பெரிய உருவம். 12 கிலோடால்டன் பையிலிருந்து அது லேசில் வெளியே வராது. 50 கிலோடால்டன் தடுப்பு அளவுள்ள அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வில் பஃபர் விட்டு விட்டுப் பல முறை அலசுங்கள். பெக் போய்விட்டதா என்று பார்க்க, புரதங்களை உருவ அளவுப்படி பிரிக்கும் எலெக்ட்ரோஃபோரசிஸ் ஜெல்லைப் பேரியம் குளோரைடிலும் அயோடின் கரைசலிலும் நனைத்தால் பெக் இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும். அதே ஜெல்லில் உங்கள் நொதி பழைய இடத்தில் இல்லாமல் மேலே ஏறி, கோடாக இல்லாமல் இழுபட்ட பட்டையாக நிற்கும். அது கோளாறு இல்லை. ஒவ்வொரு மூலக்கூறிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் இழை ஏறியிருக்கிறது என்பதன் அடையாளம்.

நான்காம் படி: எத்தனை இழை ஏறியது

டி.என்.பி.எஸ். (டிரைநைட்ரோபென்சீன் சல்போனிக் அமிலம்) சோதனை. மிச்சமிருக்கும் அமீன்களோடு அது சேர்ந்து மஞ்சள் நிறம் தரும். மாற்றாத (பெக் கட்டாத) நொதி, மாற்றிய நொதி இரண்டையும் ஒரே புரதச் செறிவில் எடுத்து, பி.எச். 8.5 பைகார்பனேட்டில் டி.என்.பி.எஸ். சேர்த்து, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருட்டில் வைத்து, எஸ்.டி.எஸ்.ஸும் (சோப்பு மாதிரியான சோடியம் டோடெசில் சல்பேட்) அமிலமும் சேர்த்து 335 நானோமீட்டரில் படியுங்கள். மாற்றாதது 0.80, மாற்றியது 0.36 காட்டினால், 55 விழுக்காடு அமீன் மூடப்பட்டிருக்கிறது. நல்ல இடம். கிளைசினை முழுக்க அலசவில்லை என்றால் அதன் அமீனும் இங்கே சேர்ந்து எண்ணப்படும், மாற்றமே நடக்காத மாதிரி ஏமாற்றும். டி.என்.பி.எஸ்.ஸை நீர்க்கரைசலாகவே வாங்குங்கள். உலர்ந்தால் வெடிக்கும் சாதி அது, பாட்டில் வாயில் காய்ந்து படிய விடாதீர்கள்.

கூடவே தண்ணீரில் எவ்வளவு செயல்திறன் மிஞ்சியிருக்கிறது என்று பாரா-நைட்ரோபீனைல் பியூட்டிரேட்டை வைத்துப் பாருங்கள், 410 நானோமீட்டர் பக்கம் மஞ்சள். நொதியில்லாமலும் இந்த எஸ்டர் தானே உடையும், அந்த வேகத்தைக் கழிக்க மறக்காதீர்கள். ஆலிவ் எண்ணெயில் அளந்தால் இழப்பு இன்னும் பெரிதாகத் தெரியக்கூடும். போர்வைக்குள் நுழையச் சின்ன மூலக்கூறுக்கு வழி உண்டு, பெரிய கொழுப்புக்கு நெருக்கடி.

ஐந்தாம் படி: உலர்த்துதல்

இது சின்ன வேலை மாதிரி தெரியும். பின்னால் வரும் வேகம் பாதி இங்கேதான் முடிவாகிறது.

நொதி கரிமக் கரைப்பானுக்குப் போகும்போது, கடைசியாகத் தண்ணீரில் இருந்தபோது அதன் பி.எச். என்னவோ அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் போகும். பக்கக் கிளைகளின் மின்னேற்ற நிலை அப்படியே உறைந்துவிடுகிறது. கரைப்பானில் பி.எச்.சைத் திருத்த வழியில்லை. ஆகவே தண்ணீரில் அந்த நொதிக்கு எந்த பி.எச். பிடிக்குமோ அந்த பி.எச்.சில் இருந்தபடியே உறைய வைத்து உலர்த்த வேண்டும். கேண்டிடா ருகோசாவுக்கு 7 முதல் 7.5 போதும். பஃபர் பொட்டாசியம் பாஸ்பேட்டாக இருக்கட்டும், 10 அல்லது 20 மில்லிமோலார். சோடியம் பாஸ்பேட் என்றால் உறையும்போது டைசோடியம் உப்பு தனியே படிகமாகிப் பிரிந்து, மிச்ச நீர்மத்தின் பி.எச். சரசரவென்று இறங்கிவிடும். நீங்கள் 7.5 என்று எழுதிவைத்திருப்பீர்கள், நொதி கண்டது வேறு.

உறைபனி உலர்த்தி ஓடும்போது மின்சாரம் போனால் மாதிரி உருகிக் கொதித்துவிடும். உங்கள் துறையில் ஜெனரேட்டர் இணைப்பு அந்த இயந்திரத்துக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிக்கும் நாளைத் தவிர்த்துவிட்டுப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

முடிந்ததும் கிடைப்பது வெள்ளைப் பஞ்சு. மாற்றாத நொதி மொரமொரப்பான பொடியாக இருக்கும், பெக் நொதி விரலுக்கிடையில் லேசாக மெழுகு மாதிரி வழுக்கும். கையுறை போட்டுக்கொண்டுதான்.

ஆறாம் படி: கரைப்பானும் தண்ணீரும்

கரைப்பானைத் தேர்வு செய்ய லானே என்ற ஆய்வாளர் 1987-இல் சொன்ன லாக் பி விதி இன்றும் நல்ல வழிகாட்டி. லாக் பி என்பது கரைப்பான் எவ்வளவு எண்ணெய்ச் சார்புள்ளது என்று சொல்லும் எண். லாக் பி 4-க்கு மேல் இருந்தால் நொதி நிம்மதியாக இருக்கும், 2-க்குக் கீழே போனால் கரைப்பான் நொதியைச் சுற்றியிருக்கும் நீரை உருவிவிடும், இடையில் இருப்பது எப்படியும் போகலாம். ஹெக்சேன் 3.5, டொலுயீன் 2.5, எத்தில் அசிட்டேட் 0.7 பக்கம், அசிட்டோநைட்ரைல் மைனஸ் 0.3. ஆனால் பெக் ஹெக்சேனில் கரையாது. நொதிக்குப் பிடித்த கரைப்பானும் பெக்குக்குப் பிடித்த கரைப்பானும் ஒன்றல்ல என்பதுதான் இந்த வேலையின் இழுபறி. டொலுயீன் இரண்டுக்கும் இடையே ஒத்துப்போகிற இடம். பழைய ஆய்வுகளில் பென்சீன் என்று இருக்கும். அது புற்றுநோய் உண்டாக்கி, நமக்கு வேண்டாம். டைஎத்தில் ஈதரும் வேண்டாம், அதன் கொதிநிலை 34.6 டிகிரி. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மதுரை ஆய்வகத்தில் அது பாட்டிலிலேயே கொதிக்கும்.

இப்போது தண்ணீர். முடிவுகள் ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி வந்தால் பத்தில் ஒன்பது தடவை காரணம் பெக் இல்லை, நொதி இல்லை, தண்ணீர்தான். முழுக்க உலர்த்தினால் நொதி அசையாது. கூடுதலாக இருந்தால் எஸ்டர் உண்டாவதற்குப் பதில் உடையும். பார்க்க வேண்டியது எத்தனை விழுக்காடு தண்ணீர் என்பதை அல்ல, நீர்ச்செயல்பாட்டை, அதாவது அந்தத் தண்ணீரில் எவ்வளவு நொதிக்கு எட்டும் நிலையில் இருக்கிறது என்பதை. ஒரே அளவு தண்ணீர் ஹெக்சேனில் நொதியின் மேல் போய் ஒட்டும், எத்தில் அசிட்டேட்டில் கரைப்பானிலேயே தங்கிவிடும். நீர்ச்செயல்பாடு இரண்டிலும் சமமாக இருந்தால்தான் நொதி சமமான ஈரத்தைக் காண்கிறது. ஸ்காட்லாந்தின் பீட்டர் ஹாலிங் இதைத்தான் வருடக்கணக்கில் எழுதிப் புரியவைத்தார்.

செய்யும் முறை எளிது. டொலுயீனை 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்யூலர் சீவில் (நீரை உறிஞ்சும் நுண்துளை மணிகள்) ஒரு நாள் வைத்து உலர்த்துங்கள். சீவை முதலில் 250 முதல் 300 டிகிரியில் சில மணி நேரம் சுட வேண்டும், பாட்டிலிலிருந்து எடுத்து அப்படியே போடுவதில் பயனில்லை. அப்புறம் நன்றாக மூடும் கண்ணாடி ஜாடிகள் மூன்று ஜோடி எடுத்து, அடியில் நிறைவுற்ற உப்புக் கரைசல் வையுங்கள்: ஒன்றில் லித்தியம் குளோரைடு, நீர்ச்செயல்பாடு 0.11. இன்னொன்றில் மெக்னீசியம் குளோரைடு, 0.33. மூன்றாவதில் சோடியம் குளோரைடு, 0.75. அடியில் கரையாத உப்பு கண்ணுக்குத் தெரியும்படி மிஞ்சியிருக்க வேண்டும், எல்லாம் கரைந்துவிட்டால் அந்த எண் செல்லாது. நொதிப் பஞ்சைத் திறந்த குப்பியில், டொலுயீனை இன்னொரு திறந்த குப்பியில் வைத்து, ஒரே உப்பின் ஜாடிகளில் தனித்தனியாக இரண்டு மூன்று நாள் விடுங்கள். பென்சைல் ஆல்கஹாலையும் வினைல் அசிட்டேட்டையும் மறந்துவிடாதீர்கள். கரைப்பானைப் பார்த்துப் பார்த்து உலர்த்திவிட்டு, ஈரம் குடித்த பென்சைல் ஆல்கஹாலை ஊற்றினால் எல்லா உழைப்பும் வீண். கார்ல் ஃபிஷர் கருவி கைவசம் இருந்தால் தண்ணீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நொதி ஓரளவு ஈரத்தை விரும்பும். மூன்றிலும் ஓட்டிப் பார்த்து வேக வளைவைப் போட்டுத்தான் உங்கள் நீர்ச்செயல்பாட்டை முடிவு செய்ய வேண்டும்.

ஏழாம் படி: வினையை ஓட்டுதல்

5 மில்லிலிட்டர் டொலுயீனில் பென்சைல் ஆல்கஹால் 54 மில்லிகிராம், வினைல் அசிட்டேட் 86 மில்லிகிராம். அதாவது 100, 200 மில்லிமோலார். உள்நியமமாக (அளவீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க, வினையில் சேராத பொருள்) கொஞ்சம் டோடெக்கேன். இதில் 5 மில்லிகிராம் பெக் நொதியைப் போட்டு லேசாகச் சுழற்றினால், நன்றாக மாற்றமடைந்த நொதி சில நிமிடங்களில் கரைந்து தெளிந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கலங்கலாகவே நின்றால் இழை போதவில்லை, அல்லது பஃபர் உப்பு மிஞ்சியிருக்கிறது. டெஃப்ளான் உறை வைத்த மூடி போட்டு 37 டிகிரியில் குலுக்கியில் வையுங்கள். குப்பி, மையவிலக்கிக் குழாய், குவெட் எல்லாமே கண்ணாடியாக இருக்கட்டும். பாலிஸ்டைரீனை டொலுயீன் கரைத்தே விடும். குழாய் மெழுகுவத்தி மாதிரி நெளிந்து, மையவிலக்கிக்குள்ளே கொட்டிக் கிடக்கும்.

வினைல் அசிட்டேட்டிலிருந்து வெளியேறுவது வினைல் ஆல்கஹால். அது உடனே அசிட்டால்டிஹைடாக மாறிவிடுவதால் வினை திரும்பி வராது. நல்லதுதான். ஆனால் அசிட்டால்டிஹைடு லைசின் அமீனோடு சேரும், கேண்டிடா ருகோசா லைபேஸ் இதற்குப் பேர்போன பலியாடு. பெக் போர்வை லைசின்களை முன்கூட்டியே மூடியிருப்பதால் இங்கே நமக்கு ஒரு கூடுதல் லாபம் கிடைக்கலாம். அதைச் சோதித்துப் பார்ப்பதே ஒரு நல்ல கிளைப் பரிசோதனை. வேகம் வேகமாகத் தேய்ந்தால் ஐசோபுரொப்பெனைல் அசிட்டேட்டுக்கு மாறுங்கள், அங்கே வெளியேறுவது அசிட்டோன்.

குறிப்பிட்ட இடைவெளியில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து ஜி.சி.யில் (வாயு குரோமடோகிராபி) போடுங்கள். தொடக்க வேகத்துக்கு, ஆல்கஹால் எஸ்டராக மாறியது பத்து விழுக்காட்டைத் தாண்டுமுன் உள்ள புள்ளிகளை மட்டும் எடுங்கள். ஜி.சி. இல்லாத கல்லூரியில் டி.எல்.சி. (மென்படல குரோமடோகிராபி) தட்டு போதும்: ஹெக்சேனும் எத்தில் அசிட்டேட்டும் நாலுக்கு ஒன்று, 254 நானோமீட்டர் விளக்கில் எஸ்டர் மேலே, ஆல்கஹால் கீழே. வினை நன்றாகப் போனால் மூடியைத் திறக்கும்போதே பூ வாசனை எட்டிப் பார்க்கும். அதை நம்பி மாற்ற விழுக்காடு எழுதாதீர்கள், குப்பியை முகர்ந்து பார்க்கவும் வேண்டாம், அது டொலுயீன்.

ஒப்பீடு இல்லாமல் ஒன்றும் இல்லை

வேகம் கூடியது என்று எழுதுமுன் எதைவிடக் கூடியது என்று சொல்ல வேண்டும். நொதியில்லாத குப்பி ஒன்று. கொதிக்கவைத்துக் கொன்ற பெக் நொதி ஒன்று. மாற்றாத நொதி, அதே பஃபரிலிருந்து அதே நாளில் உலர்த்தியது ஒன்று. இவை எல்லோரும் செய்வதுதான். பலரும் விட்டுவிடுவது அடுத்தது: மாற்றாத நொதியோடு, செயலூட்டாத பெக்கைச் சும்மா கலந்து உலர்த்திய பொடி. பெக் பக்கத்தில் இருப்பதே உலரும்போது நொதியைக் காப்பாற்றும். அந்தப் பொடியும் உங்கள் பெக் நொதிக்குச் சமமாக ஓடினால், நீங்கள் பட்ட பாடெல்லாம் பிணைப்பு உண்டாக்கியதற்கான பலன் அல்ல.

இன்னொரு சோதனை, கரைந்திருக்கிறதா இல்லையா என்பதற்கு. பாதி வினையில் கலவையை 0.2 மைக்ரோமீட்டர் டெஃப்ளான் வடிகட்டியில் விட்டு, வடிந்த நீர்மம் அதே வேகத்தில் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கரைந்திருக்கிறது. நின்றுவிட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள்தான் வேலை செய்திருக்கின்றன.

அப்புறம் அலகு. வேகத்தை ஒரு மில்லிகிராம் பொடிக்குக் கணக்கிட்டால் பெக் நொதிக்கு அநியாயம். 60 கிலோடால்டன் நொதியில் 5000 எடையுள்ள பத்து இழைகள் ஏறினால் மொத்தம் 110 கிலோடால்டன், அதில் புரதம் 55 விழுக்காடுகூட இல்லை. 5 மில்லிகிராம் பொடியில் புரதம் சுமார் 2.7 மில்லிகிராம்தான். பஃபர் உப்பையும் கழித்தால் இன்னும் குறையும். ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோமோல் என்று எழுதுங்கள். மாற்றாத நொதியையும் அதே புரத அளவில் போட்டு ஒப்பிடுங்கள்.

எட்டாம் படி: மீட்டெடுத்தல்

பெக் ஹெக்சேனில் கரையாது என்று மேலே ஒரு குறையாகச் சொன்னது இங்கே வரமாகிறது. வினை முடிந்த டொலுயீன் கரைசலைப் பனிக்கட்டியில் வைத்து, இரண்டு மூன்று மடங்கு குளிர்ந்த ஹெக்சேனை மெதுவாக ஊற்றினால் நொதி வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கும். எஸ்டர் மேலேயே கரைந்து நிற்கும். மூடியிட்ட கண்ணாடிக் குழாயில் மெதுவான வேகத்தில் மையவிலக்கி, மேல் நீர்மத்தை வடித்துவிட்டு, வீழ்படிவை ஒரு தடவை ஹெக்சேனில் கழுவி, வெற்றிடத்தில் சற்று உலர்த்தி, மறுபடி அதே நீர்ச்செயல்பாட்டு ஜாடிக்குள் வையுங்கள். அடுத்த சுற்றுக்குத் தயார். ஒவ்வொரு சுற்றிலும் தொடக்க வேகத்தைக் குறியுங்கள். இறுதி மாற்ற விழுக்காட்டை மட்டும் குறித்தால் நொதி பாதி செத்திருந்தாலும் தெரியாது, நேரம் கொடுத்தால் பாதி நொதியும் அதே இடத்துக்கு வந்து சேரும்.

டொலுயீன் தீப்பற்றும் புள்ளி 4 டிகிரி, அதாவது நம்மூரில் எந்த மாதத்திலும் அது பற்றத் தயார். மின்சாரம் போய் ஃபியூம் ஹூட் நின்றால் மூடிகளைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடர வேண்டாம். டொலுயீன், ஹெக்சேன் கழிவு ஒரு பாட்டிலில், டி.என்.பி.எஸ். கழிவு தனி பாட்டிலில் நீர்க்கரைசலாகவே. தொட்டியில் ஊற்றக் கூடாது. மிஞ்சிய பெக் நொதியைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து, உலர்த்தியோடு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் உலர்த்திய தேதி, உலர்த்தியபோது இருந்த பி.எச்., அமீன் மூடிய விழுக்காடு, புரதத்தின் பங்கு நான்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறவர் வேறொரு மாணவர்.